எழுபத்து நாலு வாய்கள்

“…விதைக்கும் ஆகாது, செக்குக்கும் ஆகாது.” பின்பாதி மட்டும் துரைக்கண்ணு அண்ணன் குரலோடு அப்படியே இருக்கிறது, முன்பாதியைக் காணோம். எது விதைக்கும் ஆகாது? நிலக்கடலைதான், அதில் சந்தேகமில்லை, தர்மபுரிப் பக்கம் கள்ளக்கா என்பார்கள். கல்லூரி வேனின் ஸ்டியரிங் மேல் தினத்தாளை விரித்து, அவித்த கள்ளக்காயைக் கொட்டி, ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே, பின்னால் திரும்பாமல், கண்ணாடியில் எங்களைப் பார்த்தபடி சொன்னார். எங்களை என்றால் என்னையும் தஸ்தகீரையும். எந்தமாதிரிக் கள்ளக்கா? சொத்தையா, ஈரமா, முளை கட்டியதா? இருபத்தைந்து வருஷம் அந்த வார்த்தை எங்கே கிடந்தது என்று தெரியவில்லை. ஓமான் நாட்டுச் சலாலாவில் பத்தொன்பது வருஷம் பல் பிடுங்கிய காலத்தில் ஒருநாள்கூட எட்டிப் பார்த்ததில்லை. இன்று மத்தியானம் இரண்டே கால் மணிக்கு, புள்ளியியல் வகுப்பில் ரெஹானா மேடம் கரும்பலகையில், கரும்பலகை எங்கே, வெள்ளைப் பலகை, எனக்குத்தான் இன்னும் வாய் திருந்தவில்லை, அதில் ஒரு சூத்திரத்தை எழுதியதும் வந்து உட்கார்ந்துகொண்டது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு யாரோ பிளாஸ்டிக் வாளி வைத்திருக்கிறார்கள். டொக். கொஞ்சம் பொறுத்து, டொக். என்னைச் சுற்றிலும் என்னோடு முதுகலை படிக்கிற இருபத்தைந்து, இருபத்தாறு வயதுப் பிள்ளைகள். என் மேசையில் பதினோரு பக்க விண்ணப்பம், ஆய்வு நெறிமுறைக் குழுவுக்கு. எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டேன், எத்தனை பேர், ஏன் அத்தனை என்று கேட்கிற ஒன்பதாவதைத் தவிர. நாலு மணிக்குள் ஆபீசில் கொடுக்க வேண்டும். என் கைட் கிருபாகரன் காலையிலேயே சொல்லிவிட்டார், “சார், தப்பா நெனைக்காதீங்க, இன்னைக்கு விட்டா அடுத்த கமிட்டி மூணு மாசம் கழிச்சுத்தான், உங்க தீசிஸ் ஒரு வருஷம் தள்ளிடும்.” அவருக்கு நாற்பத்தொன்று. எனக்கு நாற்பத்தெட்டு. வராந்தாவில் எதிரெதிரே வந்தால் யார் முதலில் வணக்கம் சொல்வது என்று இரண்டு பேருக்கும் இன்னும் பிடிபடவில்லை.

“எத்தனை பேரைப் பாக்கணும்? இதான் முதல் கேள்வி,” என்கிறார் ரெஹானா மேடம். “ஊர்ல இருக்கற எல்லார் வாயையும் பாக்க முடியாது, இல்லையா? அப்ப எத்தனை வாய் பாத்தா ஊரைப் பத்திப் பேசலாம்?” பலகையில் நாலு, பி, கியூ, கீழே டி ஸ்கொயர். பி என்பது அந்த நோய் நூறு பேரில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்கிற எண், கியூ மீதி உள்ளவர்கள், டி நாம் பொறுத்துக்கொள்ளும் பிழை, ஐந்து என்று வைத்துக்கொள்கிறோம். பிழை என்று சொல்லும்போது அவர் சிரிக்கிறார், எனக்கு அந்தச் சொல் ராசிபுரம் போர்டு ஸ்கூல் பத்தாம் வகுப்பில் போய் நிற்கிறது. திட்ட விலக்கம், இடைநிலை, முகடு, எல்லாம் அங்கே தமிழில் படித்தது. பதினொன்றாம் வகுப்பில் இங்கிலீஷ் மீடியம் மாறியபோது அதே சாமான்களுக்கு வேறு பேர் வைத்துக் கொடுத்தார்கள். இன்றைக்கும் யாராவது ஸ்டாண்டர்ட் டீவியேஷன் என்றால் முதலில் உள்ளே ‘திட்ட விலக்கம்’ என்று ஒன்று முனகிவிட்டுத்தான் அர்த்தம் வரும். “ஆனா பாருங்க, ஆய்வு பண்றதுக்கு முன்னாடியே பி எவ்வளவுன்னு எப்படித் தெரியும்? தெரிஞ்சா ஆய்வே எதுக்கு?” பின்வரிசையில் யாரோ, “கூகுள் மேடம்,” என்கிறார்கள். “முன்னாடி யாராவது பண்ணின ஆய்விலேர்ந்து எடுப்போம். அதே ஊர்னா ரொம்ப நல்லது. அவங்க பாத்துச் சொன்னதை நம்பித்தான் நாம ஆரம்பிக்கறோம்.” டொக். எனக்கு அதே ஊர். அதே மாவட்டம், அதே தண்ணீர், பள்ளிக் குழந்தைகளின் பல்லில் ஃபுளோரைடு ஏற்றிய அதே பழுப்பு. முன்னாடி பண்ணியவர் டாக்டர் ஞானசுந்தரி, அன்றைக்கு என் பேராசிரியர். பி முப்பத்தெட்டு. அறுநூற்றுப் பன்னிரண்டு குழந்தைகள், ஒன்பது ஊர்கள். அந்தக் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் நன்றி: களப்பணியில் உதவிய பயிற்சி மருத்துவர்கள் தனகோபால், தஸ்தகீர். அச்சில் என் பேரை முதல்தரம் பார்த்தது அங்கேதான். ஜெராக்ஸ் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன், அவர் அதை மடித்து ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருந்தார். இங்கிலீஷ் தெரியாது அவருக்கு. வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டி, “இதுல எங்க கோபால் இருக்கான், கண்டுபிடிங்க பாப்போம்,” என்பாராம்.

முப்பத்தெட்டு. போட்டுவிட்டால் தீர்ந்தது. நாலு தரம் முப்பத்தெட்டு தரம் அறுபத்திரண்டு, கீழே இருபத்தைந்து, முன்னூற்று எழுபத்தேழு குழந்தைகள். பக்கத்தில் மதுவந்தி கால்குலேட்டரைத் தட்டிவிட்டு என் காகிதத்தைப் பார்க்கிறாள், “சார், மனசுலயே போட்டுட்டீங்களா? உங்க காலத்துல கால்குலேட்டர் கிடையாதோ?” என்கிறாள். “கிடையாது, ஓலைச்சுவடிதான்,” என்கிறேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். வாயைப் பொத்திக்கொண்டு. அதை இப்போது நினைக்க வேண்டாம். அந்த ஆய்வுக்காக ஊர் ஊராகப் போன மூன்று வார முகாம், அதைப்போல ஒரு காலம் எனக்கு அப்புறம் வாய்க்கவில்லை, இதைச் சொல்வதற்கே கூச்சமாக இருக்கிறது. காலையில் வேனில் ஏறும்போது ஞானசுந்தரி மேடம் ஆளுக்கு ஒரு பன்னும் ஒரு வாழைப்பழமும் எண்ணிக் கொடுப்பார். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் பெஞ்சு, அலுமினியப் பாத்திரத்தில் கொதிக்கிற தண்ணீர், அதில் வாய் பார்க்கிற குட்டிக் கண்ணாடிகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம், டெட்டால் வாசனை. வரிசையில் நிற்கும் பிள்ளைகள் முறை வருவதற்கு முன்பே வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருப்பார்கள். வாயைப் பார்த்து தஸ்தகீர் எண்ணைச் சொல்வான், கறை இல்லை என்றால் பூஜ்யம், லேசு என்றால் ஒன்று, இப்படி நாலு வரை. நாலு என்றால் பல் அரித்துக் குழி விழுந்திருக்கும். நான் எழுதுவேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று மேடம் என்னைத்தான் எழுத வைத்தார். சாயங்காலம் திரும்பும்போது தஸ்தகீர் ஜன்னலில் தாளம் போட்டு எதையாவது பாடுவான், துரைக்கண்ணு அண்ணன் ஹாரனால் தாளத்தைச் சரிசெய்வார். மழைக்கு முந்தைய மண்வாசனை. எனக்கு இருபத்து மூன்று. எதுவும் நடக்கலாம் என்று இருந்தது.

கடைசி ஊர் சீரங்கன்கொட்டாய். ஓடையில் வெள்ளம். மேடத்துக்குக் காய்ச்சல், வரவில்லை, எங்கள் இருவரை நம்பி அனுப்பியிருந்தார். ஓடைக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்து ஓடு தெரிந்தது. அந்தப் பக்கத்து ஹெட்மாஸ்டர் முதல் வாரமே மேடத்திடம் வந்து பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார், எழுபத்து நாலு பெயர். தஸ்தகீருக்கு அன்றைக்கு ராத்திரி ஆம்பூர் போய்ச் சேர வேண்டும், மறுநாள் அவன் தங்கைக்கு நிச்சயதார்த்தம். “மேடத்துகிட்ட இன்னொரு நாள் வரோம்னு சொல்லுவோம்டா,” என்று நான் சொன்னேனா? சொன்னதாகத்தான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். இப்போது நினைத்தால் அப்படிச் சொன்ன குரல் எங்கேயும் கேட்கவில்லை. கேட்பதெல்லாம் அவன் பெயர்களை வாசிக்கிற குரல்தான், ஏலம் போடுகிற மாதிரி. “பழனியம்மா! பூஜ்யமா ஒண்ணா? சின்னசாமி! மாதப்பன்! டேய், மாதப்பனுக்கு ரெண்டு போடு, பேரைப் பாத்தாலே பல்லு மஞ்சளா இருக்கும் போல.” நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே முத்துமுத்தாக எழுதினேன். “மத்த ஊர்ல எவ்வளவு வருது?” “பத்துக்கு நாலு,” என்றேன். “அப்ப இங்கயும் பத்துக்கு நாலு.” எண்ணிப் போட்டோம், எழுபத்து நாலில் இருபத்தெட்டுப் பேருக்குக் கறை. ஒருவருக்கும் நாலு கொடுக்கவில்லை. அதுதான் எங்கள் கெட்டிக்காரத்தனம். நாலு வாங்கிய பிள்ளையை மேடம் நேரில் பார்த்து, மறுபடி ஒருதரம் கண்ணாடி வைத்துச் சரிபார்த்து, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதுவார். “நாலு போட்டா கூட்டிட்டு வான்னு சொல்லுவாங்க, நாலு வேணாம்,” என்றான் தஸ்தகீர். சரி என்றேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பிறகு இரண்டு பேரும் வேனை விட்டு இறங்கி, ரோட்டோரப் பள்ளத்துத் தண்ணீரில் நின்று, பேண்ட்டை முழங்கால் வரை நனைத்துக்கொண்டோம், ஓடையைத் தாண்டிப் போய்விட்டு வந்தமாதிரி. அப்போதுதான் அண்ணன் கண்ணாடியில் பார்த்துச் சொன்னார், …விதைக்கும் ஆகாது, செக்குக்கும் ஆகாது. எங்களுக்கும் ஆளுக்கு ஒரு கை கள்ளக்காய் கொடுத்தார். சூடாக இருந்தது. தின்றோம்.

போன் மடியில் அதிர்கிறது. வகுப்பு தொடங்குமுன் தஸ்தகீருக்குச் செய்தி அனுப்பியிருந்தேன். அவன் நியூசிலாந்தில் இருக்கிறான், அங்கே மணி என்னவோ. ‘டேய் கோபாலு, தூக்கம் வராம கெடக்கேன், உன் மெசேஜ் பாத்துத் தூக்கமே போச்சு. அதை எவன்டா கேட்டான் இப்ப?’ நான் மேசைக்கு அடியில் தட்டுகிறேன், சூத்திரத்தில் அந்த எண்ணைப் போடணும். ‘போடு.’ போட்டா பொய். ‘அப்ப போடாத. வேற எண் கெடையாதா?’ பலகையின் முன்னால் ரெஹானா மேடம் அதற்கே பதில் சொல்கிறமாதிரி, “முன்னாடி ஆய்வே இல்லைன்னா? பி தெரியலைன்னா? ஐம்பது போடுங்க. ஒண்ணும் தெரியாதுங்கறதுக்கு நேர்மையான எண் ஐம்பதுதான். அதுல போட்டா இருக்கறதுலயே பெரிய கணக்கு வரும், தப்பு வராது.” நாலு தரம் ஐம்பது தரம் ஐம்பது, கீழே இருபத்தைந்து. நானூறு. இருபத்து மூன்று பிள்ளைகள் கூட. அவ்வளவுதான். இருபத்து மூன்று வாய் கூடப் பார்த்தால் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம். தஸ்தகீருக்கு எழுதுகிறேன். உடனே வருகிறது, ‘மாஷா அல்லாஹ், அம்பது போட்டுட்டுப் போய் டீ குடி.’ கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. ‘மச்சான், எழுதறதா இருந்தா என் பேரு வேணாம். இங்க லைசன்ஸ் விஷயம். கோவிச்சுக்காத.’ இன்னும் கொஞ்சம் பொறுத்து, ‘மாதப்பன் பேரு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்குடா.’ டொக். வாளி பாதி நிறைந்துவிட்டது.

ஆனால் கிருபாகரன் கேட்பார், “அதே மாவட்டத்துல அச்சான ஆய்வு இருக்கும்போது ஏன் சார் ஐம்பது?” கமிட்டியும் கேட்கும். என் தலைப்பே ‘கால் நூற்றாண்டுக்குப் பிறகு’ என்றுதான் தொடங்குகிறது, அந்த எண்ணோடு இன்றைய எண்ணை ஒப்பிடுவதுதான் ஆய்வு, ஒன்பதாம் கட்டத்தில் தப்பித்தால் அடுத்த வருஷம் முடிவுரையில் வந்து நிற்பேன். தலைப்பைத் தேர்ந்தெடுத்ததும் நானே. ஏன் தேர்ந்தெடுத்தேன்? அந்த வேப்பமரமும் பன்னும் பாட்டும் வேண்டியிருந்தது, அதனால்தான். பழைய சட்டையைப் போட்டுப் பார்க்கிற ஆசை. பையில் என்ன விட்டுவைத்தேன் என்று மறந்தே போய்விட்டது. மறந்துதான் போனேனா? காகிதத்தின் ஓரத்தில் கணக்குப் போடுகிறேன். எழுபத்து நாலைக் கழித்துவிட்டால் ஐந்நூற்று முப்பத்தெட்டுப் பிள்ளைகள், அதில் கறை உள்ளவர்கள் இருநூற்று ஐந்து. வகுத்தால் முப்பத்தெட்டு. மறுபடியும் வகுக்கிறேன். முப்பத்தெட்டேதான். பத்துக்கு நாலு என்று அவ்வளவு பார்த்துப் போட்டிருக்கிறோம், எங்களை எடுத்தாலும் வைத்தாலும் எண் அசையவில்லை. அப்போ யாருக்கு என்ன கெட்டுப்போனது? எண் சரி. மேடத்தின் கட்டுரை சரி. சொன்னால்தான் கெடும்.

போன சனிக்கிழமை சீரங்கன்கொட்டாய்க்குப் போனேன். ஓடையின் மேல் இப்போது பாலம், ஸ்கூட்டரிலேயே போய்விடலாம், இரண்டு நிமிஷம். குழுவின் அனுமதி வராமல் ஒரு வாயையும் திறக்கச் சொல்லக்கூடாது. ஹெட்மாஸ்டரிடம் கடிதம் வாங்கவும், நான் தமிழில் எழுதிய ஒப்புதல் படிவம் ஊர்க்காரர்களுக்குப் புரிகிறதா என்று பார்க்கவும் மட்டும்தான் போனேன். அந்தக் காலத்தில் இதெல்லாம் ஏது, ஹெட்மாஸ்டர் தலையாட்டினால் போதும். பிள்ளையை அழைத்துப் போக வந்த ஒரு பெண் வாங்கிப் படித்தாள். முப்பத்து மூன்று, முப்பத்து நாலு இருக்கும். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டே படித்தாள், எழுத்துக் கூட்டாமல், நன்றாகவே. படித்துவிட்டு, “எந்நேரமும் விலகிக்கொள்ளலாம்னு போட்டிருக்கீங்களே சார், வெலகினா தண்ணி வராதுங்களா?” என்றாள். தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை அம்மா என்றேன். “அப்ப எதுக்குங்க பாக்கறீங்க?” என்று சிரித்தாள், சிரித்ததும் முந்தானை நழுவி நான் பார்த்துவிட்டேன். ஒருதரம் போதும். நாலு. முன்பல் நாலும் குழி விழுந்து, கரும்பழுப்பு, ஓரம் உடைந்து. இருபத்தைந்து வருஷத்துக்கு முந்திய வரிசையில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருக்க வேண்டிய பல். சட்டென்று மூடிக்கொண்டாள். “ஓடைக்கு அந்தாண்ட, அடுத்த ஊர்லல்லாம் ஒரு காலத்துல டாக்டருங்க வந்து பாத்தாங்களாம், நாலஞ்சு பேர ஆஸ்பத்திரிக்கிக் கூட்டிப் போயிப் பல்லுக்கு மூடி போட்டு உட்டாங்களாம். எங்கூருக்கு யாரும் வந்து பாத்ததே இல்லீங்க சார்.” நான் பெயர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், படிவத்தில் பெயருக்கு இடம்கூட இருக்கிறது. கேட்டால் தஸ்தகீர் குரலில் அந்தப் பெயர் எனக்கு முன்பே தெரிந்துவிடும் என்று பயம். தொடர்பு இருப்பதாலேயே காரணம் ஆகிவிடாது, ரெஹானா மேடம் முதல் வகுப்பில் சொன்னது. நாங்கள் நாலு போட்டிருந்தால் அவளுக்கு மூடி போட்டிருப்பார்கள் என்று யார் சொல்ல முடியும்? கடிதம் தொலைந்திருக்கலாம். அவள் போகாமல் இருந்திருக்கலாம். யாரும் சொல்ல முடியாது. ஸ்கூட்டரில் திரும்பும் வழியெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன்.

மூன்று மணிக்கு டீ. வராந்தாவின் கோடியில் நின்று ஞானசுந்தரி மேடத்துக்கு போன் போட்டேன். சொல்லிவிடுவது என்றுதான் போட்டேன். “யாரு, தனகோபாலா? சலாலாவா, சேலமா?” “சேலம்தான் மேடம்.” “சாப்பிட்டியா? பொண்டாட்டி என்ன சொல்றா, இந்த வயசுல பரீட்சை எழுதறேன்னு?” “சிரிக்கறா மேடம்.” “சிரிக்கட்டும். நான் ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன், நீயே கூப்பிட்ட. அந்த அறுநூத்துப் பன்னெண்டு படிவமும் எங்கிட்ட இருக்குப்பா, டிரங்குப் பெட்டியில. வீடு மாறறப்ப என் பொண்ணு எடைக்குப் போடலாம்னா, நான் விடல. கரையான் அரிக்கல. வந்து எடுத்துட்டுப் போ. ஒப்பிட்டுப் பாக்க உனக்கு உதவும்.” எண்பதை நெருங்குகிற குரல், நடுவில் மூச்சு வாங்குகிறது. “மேடம், அந்த சீரங்கன்கொட்டாய்…” “ஆமா, ஓடையில வெள்ளம் அன்னைக்கு. எனக்குக் காய்ச்சல். நீங்க ரெண்டு பேரும் முழங்கால் தண்ணியில தாண்டிப் போயிட்டு வந்தீங்க. பேண்ட் நனைஞ்சு நின்னீங்களே, என் கண்ணுலயே இருக்கு. எத்தனை பேட்சுக்கு அதைச் சொல்லியிருப்பேன் தெரியுமா?” வராந்தாவுக்குக் கீழே யாரோ டீ கிளாஸை அலசுகிறார்கள். “சரிங்க மேடம்,” என்றேன். “ஞாயித்துக்கிழமை வரேன் மேடம்,” என்றேன். மேடம் வைத்த பிறகும் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன், பேசிக்கொண்டிருப்பதுபோல.

மூன்றேகாலுக்கு மேல் நெறிமுறை. கிருபாகரனின் பாடம். ஒப்புதல், ரகசியம், தீங்கு செய்யாமை. ஒவ்வொன்றாகத் திரையில் வருகிறது, அழகாக இங்கிலீஷில் வருகிறது, எனக்குள் ஒவ்வொன்றும் ஒருதரம் தமிழாகிவிட்டு உட்காருகிறது, தீங்கு என்ற சொல் மட்டும் உட்கார மாட்டேன் என்கிறது. “இல்லாத டேட்டாவை உண்டாக்கறது, இருக்கறதை மாத்தறது, அடுத்தவங்களதை எடுத்துக்கறது, இந்த மூணும் குற்றம்,” என்கிறார். மதுவந்தி எழுந்து, “சார், உண்டாக்கினதால ரிசல்ட் மாறவே இல்லைன்னா?” என்று கேட்கிறாள். அவளுக்கு என்ன தெரியும், சும்மா மடக்குவதற்குக் கேட்கிறாள், ஆனால் என் காது சுடுகிறது. கிருபாகரன், “ரிசல்ட் மாறலைன்னு உனக்கு எப்படித் தெரியும்? நீதான் பாக்கவே இல்லையே,” என்கிறார். வகுப்பு சிரிக்கிறது. மணி மூன்றரை. பதினோரு பக்கத்தையும் மறுபடி புரட்டுகிறேன், எல்லாம் சரியாக இருக்கிறது, ஒன்பதாம் கட்டம் வெள்ளையாக இருக்கிறது. எழுதினால் கிருபாகரன் என்ன சொல்வார்? இந்த வயதில் ஒரு சீட் கிடைத்ததே, அதையும் வாங்கிக்கொள்வார்களோ? மனைவி ஹேமலதா இதற்குச் சிரிக்கமாட்டாள். சலாலா வீட்டைக் காலி செய்தபோது, “இனிமே உங்க இஷ்டத்துக்கு ஏதாவது பண்ணுங்க, போதும் சம்பாதிச்சது,” என்று சொன்னவள். மேடத்தின் மகள் அப்பாவியாக எடைக்குப் போடலாம் என்றது எவ்வளவு நல்ல யோசனை. டிரங்குப் பெட்டியில் அந்த எழுபத்து நாலும் என் கையெழுத்தில் முத்துமுத்தாக இருக்கிறது, ஒன்பதாவது கட்டு, கறுப்பு மை. மேடம் போன பிறகு யாரும் பிரிக்கமாட்டார்கள். அதுவரை பொறுத்தால் போதும். இன்னும் மூன்று வருஷம், நாலு வருஷம். இப்படி ஒரு நல்ல மனுஷியின் ஆயுளை நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன், ஏசித் தண்ணீர் சொட்டுவதை எண்ணுவதுபோல. டொக். எங்கூருக்கு யாரும் வந்து பாத்ததே இல்லீங்க சார். அச்சில் இருக்கிறது அம்மா உங்கள் ஊர், அட்டவணை இரண்டு, ஒன்பதாவது வரிசை, பார்க்கப்பட்டவர்கள் எழுபத்து நாலு, கடுமையான பாதிப்பு பூஜ்யம். யாரும் வந்து பாக்காம. பாக்காம. வேன் கண்ணாடியில் அண்ணனின் கண், தினத்தாளில் தோல் குவிந்திருக்கிறது, மழை நின்றுவிட்டது, அதோ ஓட்டுக்கூரையில் வெயில் விழுகிறது, போயிருக்கலாம், இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்திருந்தால் தண்ணீர் வடிந்திருக்கும், போயே இருக்கலாம், அவர் ஒரு கடலையை இரண்டு விரலால் நசுக்கி உள்ளே பார்த்துவிட்டு வெளியே எறிகிறார். “பாக்காம பொறுக்குன கள்ளக்கா விதைக்கும் ஆகாது, செக்குக்கும் ஆகாது.” கோபமாகச் சொல்லவில்லை. கேலியாகவும் இல்லை. சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். தஸ்தகீர் அன்றைக்குப் பாடவில்லை, இப்போதுதான் ஞாபகம் வருகிறது, அந்த ஒருநாள் அவன் பாடவில்லை.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு பி என்ற இடத்தில் ஐம்பது என்று எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில், இதே மாவட்டத்தில் முன்பு நடந்த ஆய்வில் சீரங்கன்கொட்டாயின் எழுபத்து நாலு படிவங்களையும் ஒரு குழந்தையின் வாயைக்கூடப் பார்க்காமல் நிரப்பியது என் கை என்றும், பேராசிரியருக்கு இது தெரியாது என்றும், அந்த ஊரில் அன்று பட்டியலில் இருந்தவர்களை இப்போது தேடிப் பார்ப்பதை இந்த ஆய்வில் சேர்த்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்றும் எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். நகல் பெறுவோர் என்ற இடத்தில் டாக்டர் ஞானசுந்தரி என்று எழுதி, ஆபீசில் கொடுத்தேன்.